புயலா ஆமையா என்று கேட்கும் பெட்டி

மார்ச் 3

மகாராணியின் சமூகத்துக்கு,

நலம். நீ நலமா என்று கேட்கும் உரிமை இன்னும் பாக்கியிருக்கிறது என்று நம்பிக் கேட்கிறேன்.

நீ கிளம்பி இன்றோடு பத்தொன்பது நாள். ஆறு மாச வேலையில் இவ்வளவு போய்விட்டது என்று நீ நினைப்பாய். இவ்வளவுதானா போயிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். உன் அக்கா சொன்ன தீர்ப்பு இன்னும் காதில் இருக்கிறது: "ரெண்டு பேரும் ஃபோன்ல பேசவே கூடாது. பேசினா ரெண்டாவது நிமிஷம் கத்துறீங்க. எழுதுங்க. ஸ்டாம்ப் ஒட்டுறதுக்குள்ள பாதிக் கோபம் போயிடும்." எனக்கு ஸ்டாம்ப் ஒட்டும்போதுதான் கோபமே ஆரம்பிக்கிறது. இருந்தாலும் தீர்ப்பு தீர்ப்புதான்.

வீட்டு நிலவரம். குளியலறைக் குழாய் சொட்டுகிறது. குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவன் வீட்டில் குழாய் சொட்டினால் யாரிடம் போய்ச் சொல்வது? மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா இறங்கி வந்து, "என்ன சார், வீட்ல ஆளையே காணோம்?" என்றார். "ட்ரெய்னிங் போயிருக்கா" என்று சமாளித்தேன். "யாருக்கு ட்ரெய்னிங், அவங்களுக்கா, உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மேலே போய்விட்டார்.

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்திலிருந்து சமையலறை பதினொன்றரை அடி எடுத்துவைக்கும் தூரம். அந்த அரை அடி ஏன் வருகிறது என்று தினமும் நடந்து பார்க்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். நம் கணினியை உயிர்ப்பித்தால் இன்னமும் நீ வைத்த அந்தப் பட்டியல் வருகிறது. கறுப்புத் திரையில் மேலே உன் 'புயல்', கீழே என் 'ஆமை'. எனக்கு ஒரு சிஸ்டம், உனக்கு ஒரு சிஸ்டம், இனிமேல் சண்டை வேண்டாம் என்று நீ பிரித்துக் கொடுத்தபோது வைத்த பெயர்கள். முப்பது வினாடி எண்ணிக்கொண்டே வரும். நான் அம்புக்குறியைத் தட்டி ஆமைக்கு இறங்காவிட்டால், அதுவாகவே புயலுக்குப் போய்விடுகிறது. போனால் நீலத் திரை வந்து, கோப்பைக் காணோம் என்று ஆங்கிலத்தில் முறையிடுகிறது. அணைத்து, திரும்பப் போட்டு, திரும்ப முப்பது வினாடி. காலையில் பல் விளக்கப் போய் வந்தால் நீலம்தான்.

இடம் போதவில்லை என்று நான் கொஞ்சம் சுத்தம் செய்தேன். அதிலிருந்துதான் இப்படி. அந்தப் பட்டியலை மட்டும் எப்படி எடுப்பது என்று நாலு வரி எழுது.

இப்படிக்கு,
புகார் எண் ஒன்று

•

மார்ச் 9

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் என் கண்ணில் பட்டது. 'சுத்தம்.'

என்ன சுத்தம்? புயலுக்குப் போனால் நீலத் திரை வருகிறது என்றால் அங்கே புயல் இல்லை. புயல் இல்லையென்றால் அந்தப் பாகத்தில் இருந்த என் அளவுக் கோப்புகள் எங்கே?

சுற்றி வளைக்காமல் பதில் எழுதுங்கள். என்ன அழுத்தினீர்கள்? அதற்குப் பிறகு அந்தக் காலி இடத்தில் எதையாவது வைத்தீர்களா? மேலே எதுவும் எழுதாமலிருந்தால் மீட்டுவிடலாம். நீங்கள் கடிதத்தையே அந்தக் கணினியில் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறீர்கள். அதை எங்கே சேமித்தீர்கள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இதைப் படித்த நிமிஷத்திலிருந்து அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள். கையால் எழுதுங்கள்.

பதினொரு வருஷம் நம் ஊர்ச் செருப்புப் பட்டறையில், கடைச் செருப்பு சேராத ஒவ்வொரு காலாக அளந்து போட்டது அது. பட்டறையை மூடியபோது அத்தனை பேரும் என்னிடம்தான் வந்து நின்றார்கள், "இனிமே எங்க செருப்புக்கு யார்கிட்ட போறது?" என்று. நான் வேலைக்கு வந்திருக்கும் இந்த ஊர்ப் பட்டறை அவர்களுக்கும் செய்து பார்சலில் அனுப்பச் சம்மதித்ததே அந்த அளவுகளை நான் தருவேன் என்றுதான். சாவகாசமாக வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு வந்தது என் புத்தி.

பட்டியலை எடுப்பது ஒரு நிமிஷ வேலை. முதலில் இதற்குப் பதில் வரட்டும்.

நான்

•

மார்ச் 14

அன்புள்ள உனக்கு,

கையால் எழுதுகிறேன். என் எழுத்து உனக்குப் புரியாது என்பது இந்த ஒரு முறை எனக்குச் சாதகம்.

நீ போன மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. பெட்டியைப் போட்டேன். பட்டியல் வந்தது. ஊரைவிட்டுப் போனவள் பெயர் மேலே, வீட்டில் கிடப்பவன் பெயர் கீழே. இதிலுமா வரிசையில் முதலில் நிற்பாள் என்று ஒரு கடுப்பு. எங்கள் ஆபீஸ் தட்டெழுத்தர் ஒருமுறை சொல்லியிருந்தார்: "வலது பக்கம் தட்டி, 'ஃபார்மட்'னு இருக்கும் பாருங்க. அழுத்தினா சுத்தமா காலி." நான் ஆமைக்குள் போய் உன் பாகத்தைத் தட்டினேன். 'எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?' என்று கேட்டது. உனக்குத் தெரியும், ஆபீஸில் என் முன்னால் எது வந்தாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் நான். சம்மதம் என்றேன்.

உன் அளவுகள் அதில் இருப்பது எனக்குத் தெரியுமா என்று நீ கேட்பாய். தெரியும். அந்த நிமிஷம் ஞாபகம் வந்ததா என்றால், வந்தது. அதனால்தான் இன்னும் வேகமாக அழுத்தினேன். இதைவிட நல்லவிதமாக எழுத எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். வரவில்லை.

அடுத்தது இன்னும் மோசம். காலி இடத்தைப் பார்த்ததும் தட்டெழுத்தரிடமிருந்து அறுபத்திரண்டு பழைய நகைச்சுவைப் படங்களைக் கொண்டுவந்து ஏற்றினேன். உன் முந்நூற்றுச் சொச்சம் பேர் கால்மேல் அறுபத்திரண்டு கோமாளிகள் ஏறி நிற்கிறார்கள். பார்த்துச் சிரிக்கலாம் என்றுதான். ஒன்றைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை.

உன் கடிதம் வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடினேன். இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தார். "சார், மேல மாடி கட்டி குடித்தனமே வச்சுட்டீங்க. இப்ப வந்து அடியில கெணறு இருந்துச்சுன்னா நான் என்ன பண்றது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

போய்விட்டது. எல்லாம்.

உன் கடிதம் வரும்வரை கூடத்திலேயே நடந்துகொண்டிருப்பேன்.

நான்தான்

•

மார்ச் 20

கிடைத்தது.

முந்நூற்றுச் சொச்சம் இல்லை. முந்நூற்றுப் பதினெட்டு. ஓய்வுபெற்ற கண்டக்டருக்கு இடது கால் ஒன்றேகால் அங்குலம் குட்டை. தலைமையாசிரியை அம்மாவுக்கு வலது பெருவிரல் கிடையாது. பேங்க் காவலாளிக்குக் குதிகால் எலும்பு வெளியே துருத்தும். அந்த இடத்தில் இரண்டு நூல் அளவு, கால் அங்குலம், தளர்த்தாவிட்டால் அவரால் நிற்க முடியாது, நிற்பதுதான் அவருக்கு வேலை. இதெல்லாம் என் தலையில் இருக்கிறது. முந்நூற்றுப் பதினெட்டும் இருக்காது.

நீங்கள் கோபத்தில் அழித்தது எனக்குப் புரிகிறது. அந்தக் கோபத்தைத்தான் நான் பத்தொன்பது வருஷமாகத் தேடினேன். இந்த வேலைக்குப் போகட்டுமா என்று ஜனவரியில் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "உன் இஷ்டம்" என்றீர்கள். புகார் எழுதுகிறவர்களுக்கெல்லாம் 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது' என்று பதில் போடுகிற மாதிரி. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். போ என்றால் அழுதிருப்பேன். இரண்டும் இல்லாமல், நான் போன பிறகு ஒரு பெட்டியிடம் போய்க் கோபத்தைக் காட்டியிருக்கிறீர்கள்.

பட்டியலை எடுக்கச் சொன்னீர்கள். ஆமைக்குள் போங்கள். ஜன்னல் படம் போட்ட விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வருகிற சின்னக் கட்டத்தில் எம், எஸ், கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் அடித்து உள்ளே போங்கள். மேலே 'பூட்' என்று ஒரு பக்கம் இருக்கும். அங்கே இரண்டு பெயரும் தெரியும். முதலில் ஆமையைத் தொட்டு, 'செட் ஆஸ் டீஃபால்ட்' கொடுங்கள். பிறகு புயலைத் தொட்டு, 'டெலிட்'. 'ஓகே' கொடுத்து, அணைத்துப் போடுங்கள். இனி கேட்காது.

கொஞ்ச நாள் எனக்கு எழுத வேண்டாம்.

நான்

•

ஏப்ரல் 5

அன்புள்ள உனக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது கடிதம் இல்லை, பார்சலோடு வைக்கும் சீட்டு. உள்ளே நாலு ஜோடிக் கால்கள் இருக்கின்றன, பயப்படாதே, காகிதத்தில்தான்.

பழைய பட்டறை முதலாளியைத் தேடிப் பிடித்து ரசீதுப் புத்தகங்களை வாங்கிவந்தேன். அதில் விலாசங்கள் இருக்கின்றன. ஆபீஸில் பத்து நாள் லீவு கேட்டேன். "என்ன விஷயம்?" என்றார் மேலதிகாரி. "கால் வேலை" என்றேன். என் கால் என்று நினைத்து உடனே கொடுத்துவிட்டார்.

கண்டக்டர் வீட்டில் முதல் போணி. கதவைத் திறந்தவர் என் கையிலிருந்த காகிதச் சுருளைப் பார்த்துவிட்டு, "எதுவும் வாங்குறதா இல்லை" என்றார். நான் உன் பெயரைச் சொன்னேன். "அட, அந்தம்மா வீட்டுக்காரரா? வாங்க வாங்க. உங்களை ரொம்ப நாளாப் பாக்கணும்னு இருந்தேன்" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, காலைக் காகிதத்தில் வைத்து, சுற்றிக் கோடு போட்டேன். அவருக்குக் கூச்சம். பென்சில் உள்ளங்கால் பக்கம் போனதும் காலை உதறினார், என் மூக்குக் கண்ணாடி அலமாரிக்கு அடியில் போனது. அவருடைய இடது காலில் ஒரு வால் மாதிரி தெரிந்தால் அது வால் இல்லை.

காவலாளி மட்டும் பேங்க் வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்கிறேன் என்றார். வரிசையில் நின்றவர்களெல்லாம் நான் குனிந்து கிடப்பதைப் பார்த்தார்கள். கடன் மறுக்கப்பட்டவன் என்று நினைத்திருப்பார்கள்.

இது போதுமா, தப்பா என்று மட்டும் சொல். வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

பட்டியலை இன்னும் எடுக்கவில்லை. தினமும் நீலம் பார்க்கிறேன்.

நான்தான்

•

ஏப்ரல் 11

அன்புள்ள உங்களுக்கு,

பார்சல் எட்டாம் தேதி வந்தது.

தப்பு. நாலும் தப்பு. உட்காரவைத்தா எடுப்பார்கள்? எழுந்து நிற்கவேண்டும், இரண்டு காலிலும் பாரம் சமமாக. பாரம் இறங்கினால்தான் கால் விரியும். பென்சிலைச் சாய்க்கக் கூடாது, செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்த்தால் கோடு உள்ளே போய்விடும், அந்தச் செருப்பு முதல் நாளே கடிக்கும். விரல் முட்டு, நடுப்பாதம், குதிகால் மூன்று இடத்திலும் நாடா வைத்துச் சுற்றளவு எழுதுங்கள். குட்டைக் காலுக்கு அடியில் ஒவ்வொரு அட்டையாக வைத்து, "இப்ப சரியா நிக்கிறீங்களா?" என்று கேளுங்கள். அவர்கள் சரி என்றால் நம்பாதீர்கள். இடுப்பைப் பாருங்கள், இரண்டு பக்கமும் மட்டமாக இருக்கவேண்டும். எடுக்கும்போது பேச்சுக் கொடுங்கள். பேசினால் காலை இறுக்கமாட்டார்கள். பேச உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கண்டக்டரின் வாலைப் பார்த்து இங்கே இரண்டு பேர் சிரித்தார்கள். நானும்.

குளியலறைக் குழாய் என்ன ஆயிற்று?

நான்

•

ஏப்ரல் 24

அன்புள்ள உனக்கு,

நாற்பத்தொரு பேர் முடிந்தது. முன்பு எடுத்த நாலு பேரையும் திரும்ப நிற்கவைத்து எடுத்துவிட்டேன். பார்சல் தனியாக வருகிறது. லீவு தீர்ந்துவிட்டது, இப்போது சாயங்காலமும் ஞாயிறும் போகிறேன். முட்டி இரண்டும் என்னோடு பேசுவதில்லை. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்காரத் தோன்றவில்லை, அதனால் நடந்துகொண்டே இருக்கிறேன்.

குழாய்க்கு வாஷர் மாற்றினேன். நானே. மூன்று மணி நேரம்.

வீட்டுக்காரம்மா படிக்கட்டில் மறித்தார். "சார், தெனம் எங்க போறீங்க? தெருக்கோடில யாரோ அம்மா கால்ல நீங்க விழுந்து கெடந்தீங்களாம், பாத்தவங்க சொன்னாங்க." "அளவெடுத்தேன்" என்றேன். "மன்னிப்புக் கேக்குறதுக்கு இப்பல்லாம் அப்படிச் சொல்றாங்களா?" என்றார். அவரிடம் ஜெயிக்க முடியாது. அவர் காலையும் எடுத்துவிட்டேன். கணக்கில் சேராது, சும்மா.

எல்லா வீட்டிலும் என்னைத் தெரிந்திருக்கிறது. தலைமையாசிரியை அம்மாவிடம் என்னைப் பற்றி நீ எதையும் சொல்லாமல் பாக்கி வைக்கவில்லை. "உங்க வீட்டம்மா சொல்லுவா, அவர்கிட்ட என்ன கேட்டாலும் பதில் வரும், காரியம் வராதுன்னு" என்றார். பெருவிரல் இல்லாத இடத்தில் நாடாவைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்ததால் என் முகத்தை அவர் பார்க்கவில்லை. "இப்ப வந்திருக்காரே" என்று அவரே சொல்லிக்கொண்டார். நான் அதே இடத்தை இரண்டாம் முறை அளந்தேன்.

மூன்று பேர் இப்போது இல்லை. ஒரு வீட்டில் நீ செய்த கடைசி ஜோடியைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒரு செருப்பின் அடிப்பாகம் உயரமாக, மற்றதில் மெலிதாக. இப்படி ஒரு வேலை நம் வீட்டுக் கூடத்தில் பதினொரு வருஷம் வரையப்பட்டது, நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் வருவாயா? நேராகக் கேட்டுவிட்டேன். எழுதிவிட்டு அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

நான்தான்

•

மே 2

அன்புள்ள உங்களுக்கு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

என் அளவுகள் இருக்கின்றன. எல்லாமே. போன வருஷம் இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது என் வேலையைக் காட்டுவதற்காக மொத்தத்தையும் ஒரு குறுந்தட்டில் பதிந்து அனுப்பியிருக்கிறேன். எனக்கே மறந்துபோயிருந்தது. இங்குள்ள மேலாளர் அம்மா அலமாரியைச் சுத்தம் செய்யும்போது எடுத்துக் கொடுத்தார். ஏப்ரல் இரண்டாம் தேதி. உங்கள் முதல் பார்சல் வருவதற்கு ஆறு நாள் முன்னால்.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன், எழுதவில்லை. எட்டாம் தேதி பார்சலைப் பிரித்தேன். பிறகு எழுத முடியவில்லை. நீங்கள் போகிறீர்கள், கதவைத் தட்டுகிறீர்கள், குனிகிறீர்கள். சொன்னால் நின்றுவிடும் என்று பயந்தேன். உட்காரவைத்து எடுத்தது தப்பு என்று பாடம் வேறு நடத்தினேன், மேஜையில் அந்தத் தட்டை வைத்துக்கொண்டு.

நீங்கள் அனுப்பியவற்றைப் பழைய அளவுகளோடு வைத்துப் பார்த்தேன். நாற்பத்தொரு பேரில் இருபத்தாறு பேரின் கால்கள் மாறியிருக்கின்றன. உங்கள் அளவுதான் சரி. ஆனால் அதற்காக நான் பேசாமலிருக்கவில்லை. அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. இங்கே நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள். பத்தாம் தேதிக்குள் பதில் சொல்லவேண்டும். ஆகஸ்டில் வருவாயா என்று நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சேர்த்துக் கேட்கிறேன். நான் என்ன சொல்லட்டும்?

நான்

•

மே 9

உனக்கு,

இது தபாலில் வரவில்லை. உங்கள் பட்டறையின் முகப்பில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் காகிதமும் பென்சிலும் கேட்டு வாங்கி எழுதுகிறேன். நீ உள்ளே ஒருவருக்கு அளவு எடுத்துக்கொண்டிருக்கிறாயாம். அவசரப்படாதே. அவரை முடித்துவிட்டு இதைப் படி.

கோபமாகத்தான் வந்திருக்கிறேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். நான் ஒரு காலைப்பொழுதில் முட்டாள்தனமாக அழித்தேன். நீ முப்பது நாள் நிதானமாக மறைத்தாய். இதை அது கழிக்குமா என்று ராப்பகலாக யோசித்தும் கழியவில்லை. இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. வால் போட்ட காலைப் பார்த்து நீங்களெல்லாம் சேர்ந்து சிரித்தீர்களே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். பேங்க் வாசலில் குனிந்தது எனக்குக் கவலையில்லை. அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரியாமல் அதற்குப் பிறகும் குனிந்தேனே, அதுதான் சுடுகிறது.

நேற்றுக் காலை நீ எழுதிய வரிசைப்படியே செய்தேன். ஆமையை முதலில் வைத்தேன். புயலைத் தொட்டேன், அழுத்தினேன். இந்தத் தடவை நிச்சயமா என்று அது கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லத் தயாராக இருந்தேன். அங்கே ஆளே கிடையாது, பெயர் மட்டும் கிடந்து தினமும் என்னை நீலத்தில் தள்ளிக்கொண்டிருந்தது. இப்போது பெட்டி நேராக எழுந்து நிற்கிறது. நீ திரும்ப வந்தால் புதிதாகத்தான் போடவேண்டும். என்ன பெயர் வைப்பது என்பதற்கும் ஒரு சண்டை இருக்கும்.

நீ கேட்டதற்குப் பதில். நீ வீட்டுக்கு வரவேண்டும். எனக்கு நீ அங்கே வேண்டும். இந்த வேலை உனக்குப் பிடித்திருக்கிறது, அதுவும் எனக்குத் தெரிகிறது. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், நீ யார் காலையோ பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரிக்கிறாய், அவரும் சிரிக்கிறார். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் அலுவலகத்தின் கிளை ஒன்று இந்த ஊரிலும் இருக்கிறது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். இங்கேயும் குழாய்கள் சொட்டத்தானே செய்யும். அதைப் பேசவேண்டும், எழுதினால் ஆகாது. நாளைக்குப் பத்தாம் தேதி.

பக்கத்தில் ஒருவர் ஒரு செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "உங்களுக்கு எந்தக் கால் சார்?" என்று கேட்டார். "கால் நல்லாத்தான் இருக்கு, வீட்டுக்காரிகிட்ட சண்டை போட வந்திருக்கேன்" என்றேன். "அப்ப எனக்கு முன்னாடி போங்க சார், எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்று இடம் விட்டுவிட்டார்.

அடுத்து என் முறை. கதவைத் திற.

பெஞ்சில் இருப்பவன்